சஞ்சயன் கண்ணும் காந்தாரி கண்ணும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. உயர்தர வகுப்பிற் படிக்கும் என் மகன் கணினியில் ஒரு போர்ப்படம் பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் 1998ஆம் ஆண்டில் நெறிப்படுத்திய 'சேவிங் பிரைவேட் றயன்' என்னும் படம் அது. நானும் அருகில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்துகொண்டேன். 1944ஆம் ஆண்டு யூன் 6ஆந் திகதி அமெரிக்கப் படைகள் நோர்மண்டிக் கடற்கரையில் இறங்கும் கட்டம் வந்தது. வீடு அதிரும்படியாக ஒலியை உயர்த்தி வைத்திருந்தான் மகன்.

திடீரென்று அடுக்களையிலிருந்து என் தாயார் விரைந்து வந்தார். உறுதிகளும் பிறப்புப் பத்திரங்களும் வைத்திருக்கும் பழைய கைப்பை அவருடைய தோளிலே தொங்கியது. வாசற்படியில் நின்று, "உது எங்கையடா விழுகுது?" என்று கேட்டார்.

"அது படத்திலை, அப்பாச்சி" என்றான் மகன்.

"படமோ?" என்றார். பையைக் கழற்றி அது வழக்கமாக இருக்கும் ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பவும் அடுக்களைக்குட் சென்றுவிட்டார்.

மகன் முதலிற் சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். அவன் பிறந்தபோது நம் நாட்டிலே போர் முடிந்திருந்தது. அன்றிரவு சாப்பிட்டெழுந்த பின், "அப்பா, நீங்கள் சின்ன வயதிலை கண்ட யுத்தமும் உப்பிடித்தானோ?" என்று கேட்டான். இருபது ஆண்டுகளாக மாணவருக்குப் பாடஞ் சொல்லி வருகின்ற எனக்கு அந்த வினாவுக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. அவனுக்கு அன்று சொல்லாததை ஒழுங்காகச் சிந்தித்துப் பார்க்கவே இதனை எழுதுகின்றேன்.

கண்ணை ஏமாற்றும் கலை

அந்தக் கடற்கரைக் காட்சி இருபது நிமிடங்களுக்கு மேல் நீள்வது. அது நோர்மண்டியில் எடுக்கப்பட்டதன்று. அயர்லாந்தின் வெக்ஸ்போர்ட் மாவட்டத்துக் கடற்கரையொன்றில் எடுக்கப்பட்டது. ஆயினும் பார்க்கின்றவன் தானே அம்மணலிற் குப்புறக் கிடப்பதுபோல் உணர்கின்றான். இந்த மாயம் எவ்வாறு நிகழ்கின்றது?

சாதாரணமாகச் சலனப்படக் கமரா ஒரு நொடிக்கு 24 படங்களைப் பிடிக்கும். ஒவ்வொரு படத்துக்கும் ஒளியை உள்ளே விடும் மூடி, நொடியின் 48இல் ஒரு பங்கு நேரம் திறந்திருக்கும். அந்தச் சிறு நேரத்தினுள் ஓடுகின்றவனுடைய கை சற்று நகர்ந்துவிடுமாகையால் அவ்வசைவு மங்கலாகப் பதியும். நம் கண்ணுக்கு அம்மங்கலே இயல்பான ஓட்டமாகத் தோன்றும். ஸ்பீல்பேர்க்கும் அவருடைய ஒளிப்பதிவாளர் யானுஸ் கமின்ஸ்கியும் மூடி திறந்திருக்கும் நேரத்தைப் பாதியாகவும் காற்பங்காகவும் குறைத்தனர். மங்கல் மறைந்தது. குண்டு வெடித்துச் சிதறும் மண் துகள் துகளாகத் தெரிந்தது; மனிதர் வெட்டி வெட்டி அசைந்தனர். அச்சத்தால் விறைத்துப்போன ஒருவன் உலகத்தைப் பார்ப்பது போன்ற ஒரு கூர்மை படத்துக்கு வந்துவிட்டது.

இவ்வளவோடு அவர்கள் நிற்கவில்லை. கமராவின் வில்லைகளில் ஒளிச்சிதறலைத் தடுக்கும் பூச்சு ஒன்று உண்டு. அதனை உரித்தெடுத்துவிட்டு, 1940களின் பழைய வில்லை காட்டுவது போன்ற வெளிறிய தோற்றத்தைப் பெற்றனர். பிலிமைக் கழுவும் முறையிலும் மாற்றஞ் செய்து நிறங்களை வடித்தெடுத்தனர். கமராவைக் கையிலே தாங்கிக்கொண்டு ஓடினர். வில்லையிற் படிந்த நீரையும் இரத்தத் துளியையும் துடையாமல் விட்டனர். அக்காட்சியில் இசையென்பது ஓரிடத்திலும் இல்லை. இன்ன இடத்தில் அஞ்சு, இன்ன இடத்தில் அழு என்று நமக்குச் சொல்லித்தர வயலின் இல்லாதபோது, காண்பது கதையன்று, நிகழ்ச்சியே என்று மனம் நம்பிவிடுகின்றது.

இவ்வாறு நம்பவைக்கும் முயற்சி போர்ப்படத்துக்குப் புதிதன்று. 1916ஆம் ஆண்டு, முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 'சோம் போர்' என்னும் பேசாப்படம் இங்கிலாந்தில் திரையிடப்பட்டது. ஜெப்றி மாலின்ஸ், ஜோன் மக்டவல் என்னும் இருவர் களத்துக்கே சென்று அதனைப் பிடித்தனர். சில வாரங்களுக்குள் ஏறத்தாழ 2 கோடிப் பேர் அதனைக் கண்டனர் என்பர். அதிலே படையினர் பதுங்கு அகழியிலிருந்து மேலேறிப் பகைவரை நோக்கிப் பாயும் காட்சி ஒன்றுண்டு. ஏறும்போதே ஒருவன் சுடப்பட்டு அகழியின் சரிவில் வழுக்கி விழுகின்றான். கண்டவர் உள்ளத்தை உலுக்கிய அக்காட்சி களத்திற் பிடிக்கப்பட்டதன்று, பின்னணியிலிருந்த பயிற்சிப் பாசறையொன்றில் நடித்துப் பிடிக்கப்பட்டது என்பதே பிற்கால ஆராய்ச்சியாளர் முடிபு. அந்தப் போரின் முதல் நாளாகிய யூலை 1ஆந் திகதி மாத்திரம் பிரித்தானியர் 19,000 பேருக்கு மேல் மாண்டனர். உண்மைச் சாவு அத்துணை மலிந்திருந்தும், அதனைக் கமராவுக்குட் பிடிக்க இயலவில்லை; நடித்த சாவே மக்கள் நினைவில் நின்றது.

விறுவிறுப்பென்னும் பொறி

இனி ஓர் உண்மையை ஒப்புக்கொள்ளவேண்டும். அன்று அக்காட்சியைப் பார்த்தபோது என் நெஞ்சும் படபடத்தது. அந்தப் படபடப்பில் ஓர் இன்பமும் இருந்தது. போரின் கொடுமையைக் காட்டுவதற்கென்றே எடுத்த காட்சியில் எனக்கு இன்பம் எங்கிருந்து வந்தது?

தமிழாசிரியனுக்கு இந்தச் சங்கடம் புதிதன்று. கலிங்கத்துப்பரணியைக் கற்பிக்கும்போது, சயங்கொண்டாருடைய சந்தத்தின் வேகத்திலே வகுப்பு முழுவதும் மெய்மறந்திருக்கும். பேய்கள் போர்க்களத்திற் கூழ் அடும் பகுதியில் மாணவர் சிரிப்பர். அடப்படுவது யாருடைய உடல் என்னும் வினா ஒருவர் வாயிலும் எழுவதில்லை. தாளம் நன்றாக அமைந்துவிட்டால் கொலையும் சுவைக்கும் என்பதைச் சொல்லாற் கண்டவர் நம் முன்னோர். படத்தொகுப்பாற் கண்டவர் ஹொலிவூட்டார்.

லூயிஸ் மைல்ஸ்டன் 1930ஆம் ஆண்டில் 'ஓல் குவையற் ஒன் த வெஸ்ரேர்ண் புரொன்ற்' என்னும் படத்தை எடுத்தார். ஜேர்மானிய எழுத்தாளர் றெமார்க்கின் நாவலைத் தழுவியது அது. அதிலே இயந்திரத் துப்பாக்கி ஒரு கணம், விழும் மனிதர் ஒரு கணம், மீண்டும் துப்பாக்கி, மீண்டும் மனிதர் என்று படத்துண்டுகள் மாறி மாறி வருகின்றன. கமரா அகழியின் விளிம்போடு நகர்கின்றது. அது நகர நகர, அரிவாளுக்கு முன் நெற்கதிர் சாய்வதுபோல் வீரர் சாய்கின்றனர். அக்கணத்தில் நம் கண்ணே துப்பாக்கியாகிவிடுகின்றது.

மைல்ஸ்டன் இந்த ஆபத்தை அறிந்திருந்தார் போலும். ஆகவே படத்தின் முடிவிலே இவ்வளவு ஆரவாரத்தையும் அடியோடு நிறுத்திவிட்டார். இளைஞனாகிய போல், அகழிக்கு வெளியே அமர்ந்திருக்கும் ஒரு வண்ணத்துப்பூச்சியைத் தொடக் கையை நீட்டுகின்றான். எங்கோ மறைந்திருந்த ஒருவன் சுடுகின்றான். திரையில் நாம் காண்பது அந்தக் கையை மட்டுமே. அது துடித்து ஓய்கின்றது. அந்தக் கை நடிகருடையதன்று, மைல்ஸ்டனுடையதே. படம் பேர்லினில் 1930 டிசெம்பரிற் காட்டப்பட்டபோது, நாற்சிகள் கொட்டகைக்குள் வெள்ளெலிகளையும் நாற்றக் குண்டுகளையும் விட்டுக் குழப்பம் விளைத்தனர். சில நாட்களில் அரசு படத்தைத் தடைசெய்தது. ஆயிரம் பேர் விழும் காட்சியைக் காட்டிலும் ஓய்ந்துபோன ஒரு கை போர் விரும்பிகளை அச்சுறுத்தும் என்பதற்கு இது சான்றன்றோ?

எல்லா நெறியாளரும் இவ்வாறு தம் பொறியிலிருந்து தப்புவதில்லை. பிரான்சிஸ் கொப்பொலா வியற்நாம் போரின் பைத்தியக்காரத்தனத்தைக் காட்ட 1979ஆம் ஆண்டில் 'எப்போகலிப்ஸ் நௌ' என்னும் படத்தை வெளியிட்டார். ஹெலிகொப்டர்கள் வாக்னரின் இசையை முழக்கிக்கொண்டு ஒரு கிராமத்தைத் தாக்கும் காட்சி அதிலே பெயர்பெற்றது. 2005ஆம் ஆண்டில் வந்த 'ஜார்ஹெட்' என்னும் வேறொரு படத்திலே, வளைகுடாப் போருக்குப் புறப்படவிருக்கும் அமெரிக்கப் படையினர் அதே காட்சியைத் திரையிற் கண்டு கைதட்டி ஆர்ப்பரிக்கின்றனர். போர்வீரர் ஒருவரின் சொந்த அனுபவ நூலிலிருந்து எடுத்த படம் அது. நெறியாளர் எதிர்ப்பாக எடுத்தது படைமுகாமில் ஊக்கமருந்தாகிவிட்டது. மேலிருந்து பார்க்கும் கமராவுக்குக் கீழே ஓடுகின்றவர்கள் எறும்புகள். இசையோ வெற்றியின் இசை. நோக்கம் எதுவாயினும் கண் எங்கே நிற்கின்றதோ அங்கேதான் மனமும் நிற்கும்.

காதின் கதை

இப்போது என் மகனுடைய வினாவுக்கு வருகின்றேன். நான் கண்ட யுத்தம் அப்படி இருந்ததா?

நான் கண்டது குறைவு, கேட்டதே அதிகம். 1990ஆம் ஆண்டில் எனக்குப் பத்து வயது. வளவின் பின்புறத்தில் வேம்பின் கீழ், பனங்குற்றியும் மண்மூட்டையும் அடுக்கிய ஒரு பங்கர் இருந்தது. அதற்குட் குந்தியிருந்தவர்களுக்குக் காட்சி என்பதொன்று இல்லை. இருட்டும் ஈரமண் வாசமுமே. தொலைவிலே 'டொம்' என்று ஒரு சத்தம்; அது புறப்படும் சத்தம். பின்னர் எண்ணிக்கொண்டிருப்போம். அந்த இடைவெளிதான் யுத்தம். விழுந்து வெடித்த பின், விழுந்தது நம் வீட்டிலன்று என்று தெரிந்ததும் ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதிக்காக உடனே ஒரு வெட்கமும் வரும். ஏனெனில் வேறு யாருடைய வீட்டிலோ அது விழுந்திருக்கின்றது.

திரைப்படம் இதற்கு நேர்மாறானது. சுடுகின்றவனையும் சுடப்படுகின்றவனையும் இடையிலுள்ள தூரத்தையும் அது நமக்குக் காட்டிவிடுகின்றது. எங்கும் நிற்கக்கூடிய ஒரு கண்ணை நமக்கு இரவல் தருகின்றது. போரிற் சிக்கிய எவருக்கும் அந்தக் கண் வாய்ப்பதில்லை.

ஆயினும் காதின் வழியே போரைக் காட்ட முயன்ற கலைஞரும் உளர். ஸ்பீல்பேர்க்கின் படத்திலேயே, குண்டு அருகில் வெடித்ததும் கப்டன் மில்லரின் காது அடைத்துப்போகின்றது. உலகத்து ஓசையெல்லாம் ஒரு மந்தமான இரைச்சலாகச் சுருங்குகின்றது. அந்த அமைதியிலே ஒரு வீரன் அறுந்து கிடக்கும் தன் கையைத் தேடி எடுத்துக்கொண்டு நடக்கின்றான். காட்சி முழுவதிலும் என் உடலைக் குளிரச் செய்தது அவ்விடமே. சோவியத் நெறியாளர் எலெம் கிளிமொவ் 1985ஆம் ஆண்டில் எடுத்த 'வந்து பார்' என்னும் பொருள்படும் படம் இன்னும் ஒருபடி மேலே செல்கின்றது. பைலோறஷ்யாவிலே 1943ஆம் ஆண்டில் ஒரு சிறுவன் படும் பாடு அது. குண்டு வீச்சில் அவன் காது கெட்டுப்போனபின், அவன் காதுக்குள் ஒலிக்கும் கூரிய ரீங்காரத்தையே நாமும் கேட்கின்றோம். மற்றவர் பேச்சு எங்கோ தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் வருகின்றது. கிளிமொவ் சண்டையைக் காட்டுவது மிகச் சிறிது. சிறுவனின் முகத்தைக் கமராவுக்கு நேரே நிறுத்தி நெடுநேரம் காட்டுகின்றார். படம் முடியும்போது அந்தப் பிள்ளை முகம் கிழவன் முகமாகிவிடுகின்றது. அதனைப் பார்த்து எந்தப் படையினரும் கைதட்டமாட்டார்.

சட்டத்துக்கு வெளியே நின்றவர்

கமராவின் நுட்பங்களிலெல்லாம் வலியது எது என்று மாணவர் என்னைக் கேட்பதுண்டு. எதைக் காட்டாமல் விடுவது என்பதே அது என்று சொல்வேன். அதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் சிலரோடு கித்துல்கலைக்குச் சுற்றுலா சென்றிருந்தேன். களனி ஆற்றங்கரையிலே டேவிட் லீன் 'பிறிட்ஜ் ஒன் த றிவர் குவாய்' படத்துக்காக எழுப்பிய பாலத்தின் அத்திவாரங்களை அங்கே இன்றும் காணலாம். 1957ஆம் ஆண்டில் அந்தப் பாலத்தை மெய்யாகவே கட்டி, அதன்மேல் மெய்யாகவே புகையிரதத்தை ஓடவிட்டு, மெய்யாகவே வெடிவைத்துத் தகர்த்தனர். படத்துக்கு 7 ஒஸ்கார் பரிசுகள் கிடைத்தன. கிழிந்த உடையோடு பிரித்தானியக் கைதிகள் சீழ்க்கையடித்துக்கொண்டு அணிவகுத்து முகாமுக்குள் வரும் காட்சியை ஒருமுறை கண்டவர் மறக்கமாட்டார். அந்த இராகத்தை ஆற்றங்கரையிலே என் மாணவரும் சீழ்க்கையடித்தனர்.

யப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீற்றர் நீளத்தில் அமைத்த அப்புகையிரதப் பாதை 1943 ஒக்டோபரில் முடிந்தது. அதிலே வேலைசெய்த நேசநாட்டுக் கைதிகள் 60,000க்கு மேற்பட்டோர். மாண்டவர் 12,000க்கு மேற்பட்டோர். அவர்களோடு ஏறத்தாழ 2 இலட்சம் ஆசியத் தொழிலாளரும் அங்கே வேலைசெய்தனர். அவர்களில் 90,000 பேர்வரை மாண்டிருக்கலாம் எனக் கணிக்கின்றனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் அவர்களுட் பெருந்தொகையினர். வாந்திபேதியிலும் பட்டினியிலும் காட்டிலே விழுந்த அவர்களிற் பலருக்குப் புதைகுழியும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை.

படத்திலே அவர்கள் இல்லை. ஆங்கில அதிகாரியின் பிடிவாதமும் யப்பானிய அதிகாரியின் மானமும் மோதிக்கொள்ளும் அருமையான நாடகத்துக்கு அவர்கள் தேவைப்படவில்லை. லீன் பொய் சொன்னார் என்று நான் கூறமாட்டேன். அவர் எடுத்தது ஒரு கற்பனைக் கதை. ஆனால் உலகம் அந்தப் பாதையை அந்தப் படத்தாலன்றோ நினைவில் வைத்திருக்கின்றது? இச்செய்தியை ஆற்றங்கரையிலே சொன்னபோது சீழ்க்கை தானே நின்றது. மலாயாவில் உறவினர் வாழ்ந்த குடும்பத்துப் பிள்ளையொருத்தி, "சேர், எங்கடை ஆக்களை ஏன் காட்டேல்லை?" என்று கேட்டாள். அந்த வினா எந்தத் திரைப்பட நூலிலும் உள்ள வினாக்களுக்குக் குறைந்ததன்று.

இருவகைக் கண்கள்

பாரதத்திலே குருக்ஷேத்திரப் போர் தொடங்குமுன் வியாசர் திருதராட்டிரனுக்குப் பார்வை தர முன்வருகின்றார். உறவினர் கொலையுண்பதைப் பார்க்க விரும்பாத அரசன், கேட்டால் மாத்திரம் போதும் என்கின்றான். சஞ்சயன் ஞானக்கண் பெற்றுப் போரை அவனுக்கு வருணிக்கின்றான். யார் தேர் முறிந்தது, எவன் அம்பு எங்கே பாய்ந்தது என்று ஒன்றும் விடாமற் சொல்கின்றான். கமராவின் கண் பெரும்பாலும் சஞ்சயன் கண்ணே.

ஆனால் போர் முடிந்தபின் அதே ஞானக்கண் காந்தாரிக்கும் கிடைக்கின்றது என்பதை நாம் மறந்துவிடுகின்றோம். வாழ்நாள் முழுவதும் கண்ணைக் கட்டிக்கொண்டிருந்தவள், இப்போது களம் முழுவதையும் காண்கின்றாள். அவள் கண்ணிற் படுவது வீரமன்று. மைந்தரையும் கணவரையும் தேடி உடல்களுக்கிடையே அலையும் பெண்கள். ஒரே களம், ஒரே ஞானக்கண். காட்சி மாத்திரம் வேறு.

ஸ்ரான்லி குப்ரிக் 1957ஆம் ஆண்டில் எடுத்த 'பாத்ஸ் ஒவ் குளோறி' இந்த இரண்டு கண்களாலும் பார்க்கின்ற படம். அகழியினூடே தளபதி நடந்துவர, கமரா அவருக்கு முன்னே பின்வாங்கிச் செல்லும் காட்சி சஞ்சயன் கண். அதன் இறுதியிலே, களைத்த பிரெஞ்சுப் படையினர் நிறைந்த மதுக்கடையொன்றில், பிடிபட்ட ஜேர்மானியப் பெண்ணொருத்தியை மேடையேற்றி எள்ளி நகையாடுகின்றனர். அவள் அழுதுகொண்டே பாடுகின்றாள். கூச்சல் அடங்குகின்றது, ஒவ்வொரு முகமாகக் கமரா காட்டுகின்றது, அம்மொழி அறியாதவர்களும் அந்த இராகத்தை முணுமுணுத்து அழுகின்றனர். அது காந்தாரி கண்.

பெற்றோருக்கும் மாணவருக்கும் நான் சொல்லக்கூடியது இதுவே. போர்ப்படங்களைப் பார்க்காதே என்று பிள்ளைகளைத் தடுப்பதாற் பயனில்லை. கைத்தொலைபேசி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கின்றது. அருகில் அமர்ந்து சேர்ந்து பாருங்கள். கமரா யாருடைய பக்கத்தில் நிற்கின்றது? எதிரிக்கு முகம் உண்டா? வெடித்தபின் அந்த இடத்தில் அது எவ்வளவு நேரம் தங்குகின்றது? சட்டத்துக்கு வெளியே யார் நின்றார்கள்? இவ்வினாக்களைக் கேட்கப் பழகிய பிள்ளை, படத்தின் கலையையும் முழுதாகச் சுவைக்கும். அதனைப் போரென்று மயங்கவும் மாட்டாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகனை அழைத்துக்கொண்டு தாயாரின் அருகில் அமர்ந்தேன். "அந்த நாளையிலை பங்கருக்குள்ளை இருந்ததைச் சொல்லுங்கோ அம்மா, இவன் கேக்கிறான்" என்றேன். முப்பத்தைந்து ஆண்டுகளாக நானும் அவரிடம் அதைக் கேட்டதில்லை. அவர் ஷெல்லைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அன்று உலையிலே அரிசி போட்டுவிட்டு, அடுப்பை அணைக்காமல் எங்களை இழுத்துக்கொண்டு ஓடியதைச் சொன்னார். சோறு கரியப்போகின்றதே, பிள்ளைகளுக்கு இராச் சாப்பாட்டுக்கு வேறு அரிசி இல்லையே என்று இருட்டுக்குள் இருந்து நினைத்துக்கொண்டிருந்தாராம். சத்தம் ஓய்ந்து வந்து பார்த்தபோது சோறு பாதி கருகியிருந்ததாம். கருகாததை வழித்தெடுத்து எனக்கும் தங்கைக்கும் தந்தாராம்.

நான் அந்தச் சோற்றைத் தின்றிருக்கின்றேன். அவர் என்ன சாப்பிட்டார் என்று எனக்கு நினைவில்லை. மகன்தான் அதைக் கேட்டான்.